மழை கொட்டித் தீர்த்தும் தண்ணீர்ப் பஞ்சமா? அணைக் கணக்கைப் படிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

மதகு வழியாக நுரைத்துக்கொண்டு பாயும் தண்ணீரைக் காலையில் டிவியில் காட்டுகிறார்கள். அதே நாள் சாயங்காலம் குழாயில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. "இவ்வளவு மழை பெய்தும் இதே கதையா?" என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி, எண்களைத் தப்பாகப் படிப்பதால் வருவது. நானும் பல வருடம் அப்படிப் படித்தவன்தான்.

அடியை வைத்துத் தண்ணீரை அளப்பது

எல்லோரும் செய்யும் தவறு இது. "அணை பாதி உயரத்துக்கு வந்துவிட்டது, அப்படியென்றால் பாதித் தண்ணீர் இருக்கிறது" என்று நினைக்கிறோம். அணை நேர்ச்சுவர் வைத்த தொட்டி இல்லை. அது பள்ளத்தாக்கு, கீழே குறுகலாகவும் மேலே போகப்போக அகலமாகவும் இருக்கும். எண்ணெய் ஊற்றும் புனலின் அடியை அடைத்துவிட்டு, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரியான கூம்பாக இருந்தால், பாதி உயரத்தில் மொத்தக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குதான் நிற்கும். எந்த அணையும் கச்சிதமான கூம்பு இல்லை, ஆனால் போக்கு அதுதான். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி). நீர்மட்டம் 100 அடிக்கு இறங்கும்போது இருப்பு சுமார் 65 டி.எம்.சி.தான். மேலே உள்ள 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.!

வறட்சியில் காய்ந்த அணைக்கு முதல் மழையில் மட்டம் மளமளவென்று ஏறுவதற்கும் இதுதான் காரணம். அடியில் இடம் குறுகல். "ஒரே நாளில் 15 அடி உயர்வு" என்ற செய்தியைப் பார்த்தால், எத்தனை அடியிலிருந்து எத்தனை அடிக்கு என்று முதலில் பாருங்கள். அப்படி வந்த தண்ணீரிலும் ஒரு பகுதி மதகுக்குக் கீழே கிடக்கும். அதைத் திறந்துவிட வழியில்லை. அடியில் படிந்த வண்டலும் தன் பங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெருமழை இன்னும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் போகும்.

வரத்தையும் இருப்பையும் குழப்புவது

"அணைக்கு 20,000 கன அடி தண்ணீர் வருகிறது" என்பது வேகம். ஒரு விநாடிக்கு அவ்வளவு. எத்தனை மணி நேரம் அப்படி வந்தது என்று தெரியாமல், எவ்வளவு சேர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டி.எம்.சி. சேரும். அதாவது 100 கோடி கன அடி, ஏறத்தாழ 2,831 கோடி லிட்டர்.

இந்தக் கணக்கை 2015 டிசம்பரில் போட்டுப் பாருங்கள். அப்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் ஒன்பதரை மணி நேரத்தில் 1 டி.எம்.சி. போய்விடும். சென்னையின் குடிநீருக்கு ஒரு மாதத்துக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அதே 1 டி.எம்.சி.தான். "ஒரு மாதத் தண்ணீரை ஓர் இரவில் கடலுக்கு அனுப்பிவிட்டார்களே" என்று பதறத் தோன்றும். ஆனால் வைக்க இடம் வேண்டுமே? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்தே 11.257 டி.எம்.சி.தான். விளிம்பு வரை நிரம்பினாலும், ஆவியாவதைக் கழித்தால் ஒரு வருடத்துக்குக்கூட வராது. நூறாண்டில் காணாத மழை பெய்தாலும் ஏரி தன் அளவுக்குத்தான் வாங்கும். 2019 கோடையில் அந்த நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்ததில், இந்த விதத்தில், மர்மம் ஒன்றும் இல்லை.

பெரிய அணைக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். அமெரிக்காவில் 2022–23 குளிர்காலம் மழையும் பனியுமாகக் கொட்டியது. கலிபோர்னியாவின் ஓரோவில் அணை அந்த வருடமே நிரம்பிவிட்டது. கொலராடோ ஆற்றின் மாபெரும் அணைத்தேக்கமான மீட் ஏரியோ, அந்த வருடக் கடைசியிலும் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் நின்றது. அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு ஒரு நல்ல வருடம் போதாது.

"தண்ணீர் இல்லாத நேரத்தில் ஏன் திறந்துவிடுகிறார்கள்?"

100 சதவீதம் என்றால் தளும்பத் தளும்ப என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே குழப்பத்துக்கு வேர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு மேலே உள்ள வைவன்ஹோ அணையில் குடிநீருக்கான இடம் சுமார் 41 டி.எம்.சி. அது நிரம்பினால் 100 சதவீதம். அதற்கு மேலே வெள்ளத்தைப் பிடிக்க என்றே அதைவிடப் பெரிய இடத்தைக் காலியாக வைத்திருப்பார்கள். 2007 ஆகஸ்டில் அந்தப் பகுதி அணைகளின் மொத்த இருப்பு 17 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, மக்கள் குளிக்கும் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2011 ஜனவரியில் அதே வைவன்ஹோ 190 சதவீதத்தை எட்டியது, பிரிஸ்பேன் மூழ்கியது. பஞ்சத்துக்கு அணையை நிரப்பி வைக்க வேண்டும், வெள்ளத்துக்குக் காலியாக வைக்க வேண்டும். ஒரே அணையிடம் இரண்டையும் கேட்கிறோம்.

அணையைக் காப்பதும் ஒரு கணக்கு. ஐந்து வருட வறட்சிக்குப் பிறகு 2017 பிப்ரவரியில் ஓரோவிலுக்கு வெள்ளம் வந்தபோது, உபரிநீர் போகும் கான்கிரீட் சரிவு உடைந்தது. அவசர நேரத்தில் உபரிநீர் வழிவதற்கென்று கட்டிய கலங்கலில் முதல் முறையாகத் தண்ணீர் வழிந்தது, அதன் கீழே மண் அரிக்கத் தொடங்கியது. சுமார் 1,88,000 பேரை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள்.

அதற்காக, திறப்பது எப்போதும் சரிதான் என்றும் சொல்ல மாட்டேன். அதே கலிபோர்னியாவில் மெண்டோசினோ ஏரி 2012 டிசம்பர் மழையில் நிரம்பியது. விதிப்புத்தகத்தில் எழுதியபடி வெள்ள இடத்தைக் காலி செய்தார்கள். அடுத்த வருடம் மழை மிகக் குறைவு; ஏரி பெரிதும் வற்றிப்போனது. இப்போது அங்கே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, அடுத்த புயல் வராது என்று தெரிந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி "ஏன் திறந்தாய்?" என்பது அல்ல, "எந்த முன்னறிவிப்பை நம்பி, எப்போதிலிருந்து, எந்த அளவில் திறந்தாய்?" என்பது.

நம் தெருவில் பெய்ததை அணையில் பெய்ததாக நினைப்பது

அணைக்குக் கணக்கு அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்வது மட்டும்தான். நகரத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றாலும், நூறு கிலோமீட்டர் தள்ளி மலையில் தூறல்தான் என்றால் அணைக்கு ஒன்றும் வராது.

மலையில் பெய்தாலும், காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். "காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது" என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. வாடிப்போன தொட்டிச் செடிக்கு ஒரு செம்புத் தண்ணீரை மொத்தமாக ஊற்றுங்கள். மண்ணுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள இடுக்கில் இறங்கி அடித்துளை வழியாக ஓடிவிடும். விரலால் கிளறினால் நடுவில் மண் பொடிப்பொடியாக இருக்கும். அதே செம்பை அரை மணி நேரம் சொட்டுச்சொட்டாக விட்டால் மண் குடிக்கும். புயல் மழை முதல் வகை. ஆற்றில் வெள்ளம், வயலில் ஈரமில்லை என்ற விசித்திரம் இப்படித்தான் வருகிறது.

நிலத்தடி நீரின் வேகம் இன்னும் வேறு. அணையின் மட்டம் சில நாட்களிலேயே ஏறும். ஆழ்துளைக் கிணற்றின் மட்டம் ஏற மாதங்கள், சில இடங்களில் வருடங்கள் ஆகும். சில இழப்புகள் திரும்பவே திரும்பாது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் அளவுக்கு மீறி உறிஞ்சியதில், ஓரிடத்தில் 1925 முதல் 1977 வரை நிலமே சுமார் 28 அடி கீழே இறங்கியது. அழுந்திப்போன களிமண் அடுக்கு, எவ்வளவு மழை பெய்தாலும் பழையபடி விரியாது. மழை நின்ற மறுவாரமே மோட்டாரை முழு நேரம் ஓட விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கலங்கல் தண்ணீரில் குளோரினைக் கொட்டுவது

வறட்சிக்குப் பின் வரும் முதல் வெள்ளம், மாதக்கணக்கில் தேங்கிய சாம்பல், சாணம், சாக்கடை, மண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். அணை நிரம்பியும் குழாய்த் தண்ணீர் குறைவதற்கு இது ஒரு காரணம்: கலங்கல் கூடினால் சுத்திகரிப்பு நிலையம் மெதுவாகத்தான் ஓடும். வீட்டில் செய்யும் தவறு, செம்மண் நிறத்தில் வரும் தண்ணீரில் நேராகக் குளோரின் மாத்திரையைப் போடுவது. மண் துகளுக்குள் ஒளிந்த கிருமியை மருந்து எட்டாது. மருந்தின் பெரும்பகுதியை அழுக்கே தின்றுவிடும். முதலில் தெளியவிட்டு, மடித்த துணியில் வடிகட்டி, பிறகு மருந்து. குடிக்க என்றால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுவதே நம்பிக்கையானது. வெள்ளம் புகுந்த தரைத்தொட்டியைக் கழுவாமல் மேலே நல்ல தண்ணீரை நிரப்புவதும் வீண்.

கட்டுப்பாட்டை அன்றே தளர்த்துவது

அணை ஏறுகிறது என்ற செய்தி வந்த அன்றே வாளி போய் ஷவர் வந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது மூன்று: இருப்பு கன அளவில் எவ்வளவு, போன வருடம் இதே தேதியில் எவ்வளவு, அடுத்த மழைக்காலத்துக்கு எத்தனை மாதம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நல்ல மழை. அணைகள் 70 சதவீதத்தை நெருங்கிய பிறகும், அக்டோபர் 1 முதல் வரம்பை 70 லிட்டராகத்தான் உயர்த்தினார்கள். அவ்வளவு மழைக்குப் பிறகு ஆளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு பெரிய வாளித் தண்ணீர்.