உயர்தரத்துக்குப் பாடசாலை தேடும்போது ஆசிரியரின் தகைமையை எப்படி விசாரிப்பது?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் களுவாஞ்சிகுடி, களுதாவளைப் பெற்றோர் என்னிடம் வந்து, "ரீச்சர், அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பட்டதாரிகள் படிப்பிக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் பட்டிருப்புக் கல்வி வலயத்தில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த எண்ணிக்கையால் உங்கள் பிள்ளைக்குப் பயனில்லை. பிள்ளை எடுக்கப்போகும் மூன்று பாடங்களையும் பெயர் சொல்லி, ஒவ்வொன்றையும் கற்பிப்பவர் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர் என்று அதிபரிடம் பணிவாகக் கேளுங்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து கோல்ட்ஹேபர், புரூவர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990களில் செய்த ஆய்வு இதையே காட்டியது. கணிதத்தில் பட்டம் பெற்றவரிடம் கணிதம் படித்தவர்கள் கூடுதல் புள்ளி எடுத்தார்கள். வேறு ஏதோ துறையில் முதுமாணிப் பட்டம் வைத்திருந்தவரால் அந்த உயர்வு கிடைக்கவில்லை. பாட அறிவோடு, அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் முறையைப் பயின்றிருப்பதும் உதவுகிறது என்று 1994இல் டேவிட் மங்க் என்ற இன்னொரு ஆய்வாளர் கண்டார்.

ஆகவே வந்தாறுமூலையில், அதாவது கிழக்குப் பல்கலைக்கழகத்தில், பிள்ளையின் பாடத்தில் விஞ்ஞானமாணி (பி.எஸ்ஸி.) முடித்தவர் என்றால் மகிழுங்கள். கற்பிக்கும் முறையைப் பயிற்றும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடித்துவிட்டாரா என்று சேர்த்துக் கேளுங்கள். தம்பி தங்கைகள் 10ஆம், 11ஆம் தரத்தில் இருந்தால், மட்டக்களப்பிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரியில் கணிதம் பயின்று வந்த ஆசிரியரைப் பட்டமில்லாதவர் என்று தாழ்வாக எண்ணாதீர்கள். மூன்றாண்டுப் பயிற்சியில் ஓராண்டு முழுவதும் பாடசாலையில் நின்று கற்பித்துப் பழகியவர் அவர். வேறு துறைப் பட்டதாரியையும் இவரையும் காட்டிக் கணிதத்துக்கு யார் வேண்டும் என்று கேட்டால், நான் இவரைத்தான் கேட்டு வாங்குவேன்.

அனுபவத்தையும் பாருங்கள். முதல் சில ஆண்டுகளில்தான் ஆசிரியரின் திறன் வேகமாக வளர்கிறது என்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஐந்தாறு ஆண்டு கற்பித்தவரை 'சின்னப் பிள்ளை' என்று ஒதுக்க வேண்டியதில்லை. வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையின் துயரம் வேறு. புதியவர் வருவார், கை தேர்வார், அந்த நேரத்தில் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு இடமாற்றம் பெற்றுப் போவார். அடுத்தவர் வரும்வரை இரண்டு தவணை இரசாயனவியல் இல்லாமலே கழியும். அதனால் 'இடமாற்றம் வரவிருக்கிறதா, சென்ற ஆண்டு இந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் இருந்ததா' என்ற கேள்விகளைத் தவறவிடாதீர்கள்.

படலையில் தொங்கும் வாழ்த்துப் பதாகையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மருத்துவபீடம் போன அந்த ஒரு பிள்ளை நகரத்து ரியூஷனால் போயிருக்கலாம். இணைந்த கணிதத்துக்கு எத்தனை பேர் தோற்றினார்கள், எத்தனை பேர் 'எஸ்' (சாதாரண சித்தி) ஆவது பெற்றார்கள் என்று பாடவாரியாகக் கேளுங்கள். மூன்று ஆண்டுப் பெறுபேறு இருந்தால் இன்னும் நல்லது.

பாடத்துக்கு உரியவர் இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் அந்தப் பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகரைச் சந்தியுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாக வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடம், எந்தத் தரம், எத்தனை மாணவர்கள், எந்தத் திகதி முதல் வெற்றிடம் என்ற நான்கு விபரமும் அதில் இருக்க வேண்டும். பிரதி ஒன்றை நீங்களும் வைத்திருங்கள்.