ஸ்கிராபிளில் ஏழெழுத்துச் சொல் போடுவது எப்படி?

எழுத்துச் சில்லுகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஆட்டம் ஸ்கிராபிள். அதைப் பழகத் தொடங்கியவர்கள் பலர் அகராதியைத் திறந்து நீளநீளமான சொற்களாக மனப்பாடம் செய்வார்கள். ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன் என்று 29 எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. ஒன்றுக்கும் உதவாதது என்று ஒரு பொருளை ஒதுக்குவதற்கு அந்தப் பெயர். சொல்லிப் பார்க்க அழகுதான். ஆனால் பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம், கையில் 7 எழுத்து. அதனால் நாம் தேட வேண்டியது ஏழெழுத்துச் சொல். ஏழையும் ஒரே முறையில் இறக்கிவிட்டால் 50 புள்ளி போனஸ்.

படி 1: ஒரு புள்ளி எழுத்துகளை மதியுங்கள்

க்யூவுக்கும் இசட்டுக்கும் தலா 10 புள்ளி. இரண்டும் சேர்ந்த 'க்விஸ்' 22 தரும். 'ரீட்டெய்ன்ஸ்' என்ற சொல்லில் எல்லாமே ஒரு புள்ளி எழுத்துகள், மொத்தம் 7தான். ஆனால் போனஸ் சேர்த்தால் 57. ஆட்டத்தின் முதல் சொல்லாக நடுக்கட்டத்தின் மேல் வைத்தால் 7 இரட்டிப்பாகிக் குறைந்தது 64 கிடைக்கும்.

படி 2: 'ரெட்டினா'வைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது போதும். ரெட்டினா, அதாவது விழித்திரை. ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. பையில் உள்ள 100 சில்லுகளில் இந்த ஆறு எழுத்துகள் மட்டும் 48 இருக்கின்றன. அதனால் இவை கையில் சேர்வது அபூர்வமல்ல. ஏழாவதாக எது வருகிறது என்று பாருங்கள். ஜி வந்தால் கிரானைட். எம் வந்தால் மினாரெட். சி வந்தால் சர்ட்டன். கே வந்தால் கெரட்டின். பி வந்தால் பெயின்ட்டர், ரீபெயின்ட், பெர்ட்டெய்ன் என மூன்று. இன்னொரு ஆர் வந்தால் ட்ரெய்னர், டெரெய்ன். எஸ் வந்தால் கொண்டாட்டம்: ரீட்டெய்ன்ஸ், நாஸ்டியர், ரெட்ஸினா என்ற கிரேக்க ஒயின், இன்னும் சில.

படி 3: வாலைத் தனியே ஒதுக்குங்கள்

சொல்லின் வாலாக வரும் ஐ, என், ஜி மூன்றும் கையில் இருந்தால் உடனே ரேக்கின், அதாவது சில்லுகளை நிறுத்தும் தாங்கியின், வலது ஓரத்துக்குத் தள்ளுங்கள். மீதி நான்கெழுத்தில் ஒரு வினைச்சொல் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். இ, ஆர் இருந்தாலும் அப்படியே.

படி 4: எதை வைத்துக்கொள்வது

ஒரே எழுத்து இரண்டு மூன்று சேர்ந்தால் முதலில் அதைக் கழியுங்கள். எஸ்ஸையும், எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுச் சில்லையும் ஐந்தாறு புள்ளிக்காகச் செலவழிக்காதீர்கள். உயிரெழுத்து மூன்று, மெய் நான்கு என்று கை நின்றால் நல்லது. யு இல்லாமல் க்யூ மாட்டிக்கொண்டால் 'ச்சீ' என்ற சீனச் சொல் காப்பாற்றும்: க்யூ, ஐ, அவ்வளவுதான்.

படி 5: பலகையிலிருந்து ஓர் எழுத்தைக் கடன் வாங்குங்கள்

கையில் ஏழு, பலகையில் ஒன்று, ஆக எட்டெழுத்துச் சொல். 2006இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மைக்கேல் கிரெஸ்டா இப்படித்தான் 'குவிக்ஸாட்ரி' என்ற சொல்லை வைத்து ஒரே முறையில் 365 புள்ளி எடுத்தார். சொல்லின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டங்கள் இரண்டின் மேல் அது விழுந்தது. மூன்றும் மூன்றும் பெருகி ஒன்பது மடங்கு, அதற்கு மேல் அந்த 50.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குகிறீர்களா? நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்களை எழுத்துக்கோவையாக மட்டுமே மனதில் ஏற்றியிருந்தார். நமக்கு அந்த அளவு வேண்டாம். ஆங்கிலத்தில் நம்முடைய சொற்களே சில உட்கார்ந்திருக்கின்றன. நம் சுருட்டுதான் அங்கே 'ஷெரூட்' ஆகியிருக்கிறது. எண்ணிப் பாருங்கள், சரியாக ஏழெழுத்து!

படி 6: தினமும் பத்து நிமிடம்

ரெட்டினாவின் ஆறு சில்லுகளை மேசையில் வையுங்கள். பையிலிருந்து ஒன்றைக் கண்ணை மூடி எடுத்துச் சேருங்கள். ஏழையும் அகரவரிசையில் அடுக்கி, இரண்டு நிமிடம் சொல் தேடுங்கள். கிடைத்ததை ஒரு நோட்டில் எழுதி, அந்தச் சில்லைப் பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். இந்த ஆறும் பழகிய பிறகு 'சட்டையர்' (நையாண்டி) என்ற ஆறெழுத்துக்கு மாறலாம். அதுவும் இதே போல் அள்ளித் தரும்.