காபிச் சக்கையில் வரட்டி

ஃபில்டர் கழுவும்போது சக்கையை சிங்க்கில் தட்டுகிறவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள். குழாய் அடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அது நல்ல எரிபொருள். டிகாக்‌ஷன் இறங்கிய பிறகும் அதில் எண்ணெய் நிறையவே தங்கியிருக்கும். அதனால் நன்றாகக் காய்ந்த சக்கை கிலோவுக்கு 20 மெகாஜூல் பக்கம் சூடு தரும். வெளியில் உலர்ந்த சாதாரண விறகு 15 பக்கம்தான்.

வீட்டுச் சக்கை மட்டும் போதாது. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை ஹோட்டல் மாஸ்டரிடம் மூடி போட்ட வாளி ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன், கடை மூடும் நேரத்தில் எடுத்து வந்துவிடுவேன். அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பால், சர்க்கரை விழக்கூடாது. விழுந்தால் மறுநாளே நாறும், மாடி முழுக்க எறும்பு.

இனி காய வைப்பது. இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான், இங்கே அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். ஈரச் சக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர்; ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள், விரலிடுக்கில் பழுப்பாகச் சொட்டும். மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்து, மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கிளறிவிட வேண்டும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். கத்திரி வெயிலில் இரண்டு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே வேண்டாம், போன ஐப்பசியில் ஆறு கிலோ பூசணம் பிடித்து எனக்கு வீணானது, இன்னும் மனசு ஆறவில்லை. மத்தியானம் கடற்காற்று எழும்போது மேலே கொசுவலை போட்டு ஓரத்தில் செங்கல் வையுங்கள், காய்ந்த தூள் பறந்துவிடும். மணல் மாதிரி விரலிடுக்கில் ஓடி, உள்ளங்கையில் ஒட்டாமல் இருந்தால் காய்ந்துவிட்டது.

சக்கை தானாக ஒட்டாது, பசை வேண்டும். ஒரு கிலோ காய்ந்த சக்கைக்கு 100 கிராம் மரவள்ளி மாவு, மைதாவும் சரி, முக்கால் லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் போஸ்டர் ஒட்டும் பசை பதம் வரும்வரை கிண்டுங்கள். கூடவே கால் கிலோ மரத்தூள் சேர்த்தால் பிடிமானம் கூடும். எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் பிடிகொழுக்கட்டை பதம் வர வேண்டும். உதிர்ந்தால் கொஞ்சம் வெந்நீர் தெளியுங்கள்.

அப்புறம் மூன்று அங்குல பிவிசி குழாய்த் துண்டில் அடைத்து, கட்டையால் பலமாக அழுத்தி, நடுவில் மெதுவடைக்குப் போடுகிற மாதிரி ஒரு ஓட்டை. சீக்கிரம் காயவும் காற்று புகுந்து முழுதாக எரியவும் அது வேண்டும். முதல் நாள் நிழல், நேரே வெயிலில் வைத்தால் விரிசல் விடும். பிறகு நாலைந்து நாள் வெயில், திருப்பித் திருப்பி. ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடுவே கறுப்பாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

வெந்நீர் பாய்லருக்கும் கும்முட்டி அடுப்புக்கும் அருமையாக இருக்கும். ஆனால் திறந்தவெளியில் மட்டும். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். அடியில் கொட்டாங்கச்சிச் சில்லு போட்டுப் பற்றவைத்தால் கொஞ்ச நேரத்தில் தணல் பிடிக்கும். அதற்குப் பிறகும் புகை வந்துகொண்டே இருந்தால் சரியாகக் காயவில்லை, மிச்சத்தை மறுபடி மாடிக்கு ஏற்றுங்கள்.