விழித்திருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும்போது நேரும் தவறுகள்

கோவிட் போன்ற வைரஸ் நிமோனியாவில் மூச்சுத் திணறுகிற நோயாளியிடம் "கொஞ்ச நேரம் குப்புறப் படுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவதுதான் வார்டுகளில் அதிகம் நடக்கிறது. மாத்திரை எழுதும்போது யாருக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று யோசிக்கிறோம். இதற்கும் அப்படியே யோசிக்க வேண்டும்.

மல்லாந்து படுக்கும்போது இதயமும் வயிற்று உறுப்புகளும் நுரையீரலின் முதுகுப்பக்கத்தை அழுத்துகின்றன. ரத்தம் அதிகம் ஓடுவதும் அந்தப் பக்கம்தான். காற்றறைகள் மூடிக்கிடப்பதால் அந்த ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்புகிறது. குப்புறப் படுத்தால் முதுகுப்பக்க அறைகள் விரிகின்றன. ரத்த ஓட்டமோ பெரும்பாலும் அங்கேயே தொடர்கிறது. ஆக்சிஜன் அளவு ஏறுவது இதனால்தான்.

இது எல்லோருக்கும் ஒரே அளவு பயன் தராது. 2021இல் வெளியான ஆறு நாட்டு ஆய்வில், ஹை ஃப்ளோ நேசல் ஆக்சிஜனில் (மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தப்படும் ஆக்சிஜன்) இருந்த சுமார் 1,100 கோவிட் நோயாளிகளில், 28 நாளுக்குள் டியூப் (வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழாயில் செருகும் குழாய்) போடப்பட்டவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம், குப்புறப் படுத்தவர்களில் 40 சதவீதம். அந்தக் குறைவு டியூப் போடும் தேவையில் வந்தது. இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் இல்லை. குறைந்த ஆக்சிஜனில் வார்டில் இருப்பவர்களிடம் இதே பலன் நிரூபிக்கப்படவில்லை. குழப்பமான நினைவு, ரத்த அழுத்தச் சரிவு, உறுதியில்லாத முதுகெலும்பு, இடுப்பு அல்லது தொடை எலும்பு முறிவு, அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை இருந்தால் இதைச் செய்யக் கூடாது. உடனே டியூப் தேவைப்படுபவரைத் திருப்பிப் போட்டு நேரம் கடத்துவது ஆபத்து.

நேரக் கணக்கில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருப்பவருக்கான 16 மணி நேரத்தை, விழித்திருப்பவரிடம் ஒரே மூச்சில் எதிர்பார்த்தால் அவர் இரண்டாம் நாளே மறுத்துவிடுவார். அரை மணி நேரம் படுத்ததை "செய்தாச்சு" என்று குறித்துவைப்பதும் வீண். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மணி, இரவுத் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 8 மணி நேரத்தைத் தாண்டப் பார்க்க வேண்டும். இடைவெளியில் மல்லாந்து தட்டையாகக் கிடத்தினால் பிடித்த பலன் நழுவும். ஒருக்களித்துப் படுக்கட்டும், அல்லது தலைப்பக்கத்தை 30 முதல் 60 டிகிரி உயர்த்திச் சாய்ந்து உட்காரட்டும்.

பெரும்பாலானவர்கள் பாதியில் எழுந்துவிடுவதற்குக் காரணம் தலையணை. வயிற்றுக்கு நடுவில் தடிமனான ஒன்றைச் செருகினால் உதரவிதானம் அழுந்தி மூச்சு இன்னும் சிரமமாகும். கழுத்தடியில் ஒன்று, மார்பிலிருந்து மேல்தொடை வரை மெல்லியதாக ஒன்றோ இரண்டோ, கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னங்காலுக்கு அடியில் இரண்டு என்று வையுங்கள். தொப்பை பெரிதென்றால் மார்புக்கும் இடுப்புக்கும் தனித்தனியாக வைத்து வயிறு தொங்க இடம் விடுங்கள். முகம் திரும்பியிருக்கும் பக்கத்துக் கையை முழங்கை மடித்து மேலே, மற்றதை உடலோடு சேர்த்து வைக்க வேண்டும். தோள் 90 டிகிரிக்கு மேல் விரியக் கூடாது. கை மரத்துப்போனால் உடனே மாற்றுங்கள், தோள் நரம்பு இழுபடுவதன் அடையாளம் அது. நெற்றி, காது, தாடை, மார்பகம், முழங்கால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். திருப்புவதற்கு முன் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள், அழைப்பு மணியைக் கையில் கொடுங்கள். ஈசிஜி ஒட்டுகளை முதுகுக்கு மாற்றுங்கள். பதற்றமாக இருக்கிறார் என்று தூக்க மருந்து கொடுப்பது மூச்சையே அடக்கிவிடும்.

திருப்பியதும் ஆக்சிஜன் அளவு சற்று இறங்கினால், முதலில் ஆக்சிஜன் குழாய் மடங்கி உடலுக்கடியில் சிக்கியிருக்கிறதா, மூக்கிலிருந்து நழுவியதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் 15 நிமிடத்துக்குப் பிறகு முன்பைவிடக் குறைவாகவே இருந்தால் திரும்ப எழுப்பிவிடுங்கள். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தவறாகக் காட்டும். கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை நம் ஊரில் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டில் நடக்கும் தவறு வேறு. 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம், ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனால் குப்புறப் படுக்கச் சொன்னது. அதை ஆஸ்பத்திரிக்கு மாற்றாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் வண்டி வரும்வரை படுக்கலாம். வண்டியைக் கூப்பிடாமல் படுக்கக் கூடாது.

உயிரைப் பறிக்கும் தவறு, திரையில் ஏறிய எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிடுவது. ஹை ஃப்ளோவில் 60 சதவீதம் (அதாவது 0.6) ஆக்சிஜன் கலந்த காற்றில், ஆக்ஸிமீட்டரில் 92 காட்டும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிமிடத்துக்கு 24 தடவை மூச்சு விடுகிறார், மற்றவர் 38 தடவை. 92ஐ 0.6ஆல் வகுத்து, வந்ததை மூச்சு எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ராக்ஸ் குறியீடு: முதலாமவருக்கு 6.4, இரண்டாமவருக்கு 4.0. 4.88க்கு மேல் நிலைத்தால் ஓரளவு நம்பலாம். 12 மணி நேரம் கழித்தும் 3.85க்குக் கீழே இருப்பவருக்கு டியூப் தேவைப்படும் வாய்ப்பு மிக அதிகம். கழுத்துத் தசை இழுப்பு, வியர்வை, பேச்சு துண்டுபடுதல் இவற்றை எந்த மானிட்டரும் காட்டாது. மூச்சை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். எந்த நிலைக்கு வந்தால் டியூப் போடுவது என்பதை, முதல் தடவை திருப்புவதற்கு முன்பே மூத்த மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும். இரவுப் பணியில் தனியாக இருக்கும் நர்ஸ் எந்த மருத்துவரை, எப்போது எழுப்புவது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.