‘அதான் ராஜி ஆயிட்டோமே’ன்னு வாய்தாவுக்குப் போகாம இருக்காதீங்க

அடிதடி கேஸு, பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சாச்சு, அடிச்சவரும் அடிவாங்கினவரும் ஒண்ணா டீ குடிச்சாச்சு, அப்புறம் எதுக்கு கோர்ட்டுன்னு வாய்தாவுக்குப் போகாம விட்டுடறாங்க. கிரிமினல் கேஸ்ல இதவிட வில்லங்கமான தப்பு இல்ல. சிவில்ல சண்டை உங்களுக்கும் அவருக்கும்; இங்க வழக்கு நடத்துறது அரசாங்கம், அடிவாங்கினவரு அதுல ஒரு சாட்சி, அவ்ளோதான். அவரு மனசு மாறினா கேஸ் கட்டு தானா மூடிக்காது. சின்னக் காயம் மாதிரி சில பிரிவுல மட்டும் மாஜிஸ்திரேட் முன்னாடியே ராஜி பண்ணிக்கலாம், மத்ததுக்கு ஹைகோர்ட்ல ரத்து கேக்கணும், கொலை கேஸெல்லாம் அப்படி ரத்தாகும்னு கனவு காணாதீங்க.

நீங்க போகலன்னா என்ன ஆகும்? கோர்ட் ஊழியர் டவாலி வராண்டாவுக்கு வந்து உங்க பேரை மூணு தரம் கத்துவாரு, சத்தமே இல்லன்னா பிடிவாரண்ட். நெசமாவே வரமுடியலன்னா அன்னிக்கு வக்கீல் ஒரு மனு போட்டு விலக்கு கேப்பாரு, பழைய ஆளுங்க இன்னும் அத பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட பிரிவு நம்பர வச்சு ‘317’ன்னுதான் சொல்றாங்க, 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்குப் பதிலா பிஎன்எஸ்எஸ்ங்கற புதுச் சட்டம் வந்ததும் அது 355 ஆயிடுச்சு. வாரண்டே ஆயிட்டாலும் ஒளியாதீங்க, நீங்களே போய் ஆஜராகி ரீகால், அதாவது வாரண்ட ரத்து பண்ணச் சொல்லி, கேளுங்க.

‘ஜாமீனில் விடமுடியாத பிரிவு’ன்னு எஃப்ஐஆர்ல பாத்ததும் சிலர் இடிஞ்சு போயிடறாங்க. பேரு வச்சவன் சரியில்ல! ஜாமீன உரிமையா கேக்கமுடியாது, கோர்ட் பாத்துக் குடுக்கணும், அவ்ளோதான் அர்த்தம். உள்ள இருக்கவருக்கு 60 நாள்ல, பத்து வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள பெரிய குற்றம்னா 90 நாள்ல, சார்ஜ்ஷீட் வரலன்னா ஜாமீன் உரிமையாவே ஆயிடும், ஆனா சார்ஜ்ஷீட் வர்றதுக்கு முன்னாடி மனு போட்டிருக்கணும்.

சாட்சியா போறவங்க ஸ்டேஷன்ல சொன்னத மனப்பாடம் பண்ணாதீங்க. போலீஸ் எழுதின அந்தக் காகிதம் சாட்சியம் இல்ல, கூண்டுல நின்னு சொல்றதுதான் சாட்சியம். ஞாபகம் இல்லன்னா இல்லன்னே சொல்லுங்க, ஒப்பிச்சா குறுக்கு விசாரணையில ரெண்டாவது கேள்வியிலயே மாட்டிப்பீங்க.

வக்கீலுக்குக் காசில்லன்னு சும்மா நிக்காதீங்க, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கும் ஜெயில்ல இருக்கவங்களுக்கும் வருமானம் பாக்காமலே இலவச வக்கீல் உண்டு.

தீர்ப்பு அன்னிக்கு இன்னொண்ணு. ஏற்கெனவே ஜாமீன்ல இருக்கவருக்கு மூணு வருஷத்துக்கு மேல போகாத தண்டனைன்னா, அப்பீல் போறேன்னு சொன்னா அதே கோர்ட்டே பெரும்பாலும் ஜாமீன்ல விட்டுடும், மாஜிஸ்திரேட் தீர்ப்புன்னா செஷன்ஸ் கோர்ட்ல 30 நாளுக்குள்ள அப்பீல் போடணும். தண்டனைங்கற வார்த்தையக் கேட்ட அதிர்ச்சியில நிக்காம, அந்த நிமிஷமே வக்கீல மனு போடச் சொல்லுங்க.