மேல்வீட்டில் இஞ்சி இடித்தால் கீழ்வீட்டில் தூங்குவது எப்படி?

சமவெளியில் மின்விசிறி இரைச்சலே பாதிச் சத்தத்தை மறைத்துவிடும். குன்னூரில் அந்தத் தயவு கிடையாது. விடியற்காலை ஐந்தரைக்கு மேல்வீட்டு அக்கா தேநீருக்கு இஞ்சி இடித்தால், உலக்கை என் நெற்றியில் விழுவதுபோல் இருக்கும்.

முதல் வேலை, சத்தம் வரும் வழியைக் கண்டுபிடிப்பது. பேச்சும் தொலைக்காட்சியும் காற்றில் வருபவை. இடிப்பதும் நாற்காலி இழுப்பதும் கான்கிரீட் தளத்தில் இறங்குபவை. இரண்டுக்கும் மருந்து வேறு. இது தெரியாமல் நான் சுவர் முழுக்க நுரைப்பஞ்சு ஒட்டினேன். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, பக்கத்து வீட்டுப் பேச்சைத் தடுக்காது. ஐப்பசி மழை முடிவதற்குள் பஞ்சுக்குப் பின்னால் கரும்பூஞ்சை பிடித்ததுதான் மிச்சம்.

அடுத்து, இடுக்குகள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளி நடையில் விளக்கு எரியவிடுங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். கதவுச் சட்டத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், கதவுக்கு அடியிலும் ஒன்று. சன்னல் ஓரங்களில் சிலிகான் பூசுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் ஓர் எச்சரிக்கை: இப்படி அடைத்த அறையில் குளிருக்குக் கரி கணப்பு மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அதன் பிறகும் பேச்சு கேட்டால்தான் சுவரில் கைவைக்க வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினாலும் ஐந்தாறு டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகத் தோன்றப் பத்து குறைய வேண்டும். ஆகவே மேலும் ஒரு பூச்சு பூசுவது வீண். பழைய சுவரைத் தொடாத தனிச் சட்டம், உள்ளே ராக்வூல் என்னும் பாறையிழைப் பஞ்சு, மேலே இரண்டடுக்கு ஜிப்சம் பலகை என்பதே சரியான முறை. சுவரில் ஈரம் ஊறினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இஞ்சிக்கு இவை எதுவும் உதவாது. தளத்தில் இறங்கிய அதிர்வு சுவர்கள் வழியாகவும் வரும். அதை இடிக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதீர்கள். நான் கால் கிலோ வர்க்கியும், உரலுக்கு அடியில் போடத் தடித்த ரப்பர் விரிப்பும், நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி வட்டுகளும் கொண்டுபோனேன். அக்கா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ரப்பர் பட்டை ஒட்டும்வரை என் வாசல் கதவு அறையும் சத்தத்தில் எத்தனையோ இரவு அவர் விழித்துக் கிடந்தாராம்.