சேலத்தில் யூத நகைச்சுவை எழுத்தாளர்களுக்காக ஒரு மாலை நடத்துவது எப்படி?

நடிகர்களைக் கொண்டாடும் விழாக்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை; அவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர்களுக்கென்று ஒரு மாலையை ஒதுக்குவதுதான் அரிது. மெல் புரூக்ஸ், கார்ல் ரைனர், நீல் சைமன், லூசில் காலன் போன்ற அமெரிக்க யூத எழுத்தாளர்களை முன்னிறுத்தி அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ அப்படியொரு மாலையை நடத்த விரும்பும் வாசகர் வட்டங்களுக்காக இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்த பின் தொடங்குங்கள். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் அந்த நேரத்தைத் தவிர்ப்பதே மரியாதை. தவிர, 1950 முதல் 1954 வரை சிட் சீசர் நடிப்பில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 90 நிமிட நேரலையாக வந்த, இந்த நால்வரும் பணிபுரிந்த 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' நகைச்சுவை நிகழ்ச்சியும் சனிக்கிழமை இரவில்தான் ஒளிபரப்பானது. அதன் எழுத்தறையில் கத்தியும் சண்டையிட்டும் வேலை பார்த்த அனுபவத்தையே நீல் சைமன் 1993இல் மேடை நாடகமாக்கினார்.

அறிமுக உரையை நியூயார்க்கிலிருந்து தொடங்காமல் ஏற்காடு சாலையிலிருந்து தொடங்குவது நல்லது. அதே 1950இல்தான் கருணாநிதியின் வசனத்தில் 'மந்திரி குமாரி' படம் அந்தச் சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்திலிருந்து வெளிவந்தது. எழுத்தாளரின் பெயரைக் கேட்டுப் படம் பார்த்த பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பல விடுதிகள் யூதர்களுக்கு இடம் தர மறுத்த காலத்தில், நியூயார்க் யூதக் குடும்பங்கள் கோடையில் கேட்ஸ்கில் மலையில் இருந்த தங்கள் சமூகத்தாரின் விடுதிகளுக்குச் சென்றதையும், அந்த மேடைகளில் பல நகைச்சுவைக் கலைஞர்கள் தேர்ச்சி பெற்றதையும் சொன்னால், மே மாத ஏற்காட்டைக் கண்டவர்களுக்கு உடனே விளங்கும்.

கல்யாண மண்டபம் வேண்டாம். நாற்பது நாற்காலிகளை நெருக்கிப் போட்ட அறையில் சிரிப்பு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும். பெரிய மண்டபத்தில் அது கூரைக்குப் போய்விடும்.

மாலையின் மையமாக ஒரு பேட்டியை வையுங்கள். இரண்டாயிரம் வயதுக் கிழவராக மெல் புரூக்ஸ் வாய்க்கு வந்ததைச் சொல்ல, செய்தியாளரைப் போலக் கார்ல் ரைனர் கேள்வி கேட்ட விளையாட்டு, நண்பர்களின் விருந்துகளில் வளர்ந்து 1960இல் இசைத்தட்டாக வந்தது. அதை மொழிபெயர்த்துப் படிப்பதைவிட, கஞ்சமலையில் முதன்முதலில் இரும்பு உருக்கியபோது பக்கத்தில் நின்றதாகச் சாதிக்கும் ஒரு சேலத்துப் பெரியவரை நீங்களே உருவாக்குங்கள். "ஐயா, அப்போது என்ன செய்தீர்கள்?" "என்ன செய்வது, சூடு தாங்காமல் தள்ளி நின்றேன்." கேள்வி கேட்பவர் கடைசிவரை சிரிக்கவே கூடாது, அவர் சிரித்துவிட்டால் அவையில் சிரிப்பு நின்றுவிடும். பதில் சொல்பவருக்குக் கேள்விகளை முன்கூட்டியே காட்டாதீர்கள். யூதர்களின் பேச்சையோ தோற்றத்தையோ கேலி செய்யும் நடிப்புக்கு இடம் தராதீர்கள். அவர்கள் தங்களைத் தாங்களே பகடி செய்துகொண்டது வேறு, நாம் செய்வது வேறு.

தட்டுவடை செட்டை இடைவேளைக்கு மட்டும் வையுங்கள். பீட்ரூட், கேரட் துருவல் வைத்த அந்தத் தட்டுவடையை இருபது பேர் ஒரே நேரத்தில் கடித்தால் எந்த வசனத்தின் கடைசிச் சொல்லும் காதில் விழாது.

இடைவேளைக்குப் பின், உள்ளூர் நாடகங்களுக்கு எழுதிய மூத்தவர்கள் இருவரை அழைத்துப் பேச வையுங்கள். பொன்னாடையை வாசலிலேயே போர்த்திவிடுங்கள். மேடையில் தொடங்கினால் வாழ்த்துரைகளே அரைமணி நேரத்தைத் தின்றுவிடும். அவர்கள் எழுதிய ஒரு காட்சியை அவர்கள் முன்னிலையிலேயே இளைஞர்கள் படிக்கட்டும். எந்த வரியை ஒத்திகையில் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று அவையினர் கேட்கட்டும். ஏற்காட்டிலிருந்து வந்தவர்கள் இரவில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டியிருக்கும் என்பதால் எட்டரை மணிக்கு முடித்துவிடுங்கள்.